மடிக்கணினிக்குள் நுழையும் ஹராம்

 

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகிக் கல்லூரிச் சேர்க்கையும் முடிந்துவிட்டால், நம் வீடுகளில் ஒரு பெருஞ்செலவு வந்து நிற்கும். பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு இப்படியொரு செலவை நாம் கேள்விப்பட்டதில்லை. இன்றோ வணிகவியல் படிக்கும் பிள்ளைக்கும் அது தேவை, பொறியியல் படிக்கும் பிள்ளைக்கும் அது தேவை. தந்தை ஓராண்டு சேமித்ததையும் தாய் சீட்டுக் கட்டி எடுத்ததையும் சேர்த்து, கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஹலாலான உழைப்பில் வந்த பணம் அது. அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கிய பொருளுக்குள் ஹராமான ஒன்றையும் அதே நாளில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறோம் என்பதைத்தான் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்காக விருதுநகரில் ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். கடைக்காரத் தம்பி மிகுந்த மரியாதையோடு பேசினார். "பாய், இந்த மாடல்ல விண்டோஸ் கிடையாது. அதனால ஐயாயிரம் குறையும். நாங்களே விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், டேலி எல்லாம் போட்டுத் தந்துருவோம்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். "ஐந்நூறு குடுங்க, போதும்" என்றார். அதற்கும் பில் உண்டா என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "மெஷினுக்குத்தான் பாய் பில்லு. இதெல்லாம் சும்மா போட்டுத் தர்றது."

அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. பத்தாண்டுகளுக்கும் மேலாக என் வீட்டுக் கணினியில் இருந்ததும் அப்படிச் "சும்மா" போட்டுத் தரப்பட்டதே. அதில்தான் குர்ஆன் விரிவுரைகளைக் கேட்டோம். ஜகாத் கணக்கைப் போட்டோம். அன்றெல்லாம் உறுத்தாத ஒன்று, என் மகள் அருகில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது உறுத்தியது. பில் போட முடியாத ஒரு பொருளை விற்பவர் எப்படி விற்கிறார்? வாங்குபவர் எப்படி வாங்குகிறார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

உரிமம் அறிந்த மண்

உரிமம் என்றால் என்ன என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு ஆலை நடத்துபவர் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடமோ, ஆலையின் அளவைப் பொறுத்து மாவட்ட நிருவாகத்திடமோ உரிமம் பெற்றிருக்க வேண்டும். எத்தனை அறைகள், ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் அந்த உரிமத்தின் நிபந்தனைகள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, வேறொருவர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தினால் அது குற்றம் என்பது இங்கே தேநீர்க் கடையில் நிற்பவருக்கும் தெரியும்.

அதுபோலவே முத்திரையின் மதிப்பையும் நாம் அறிவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தத் தீப்பெட்டிகளின் மேல் ஒட்டும் வண்ண முத்திரைத் தாள்களின் தேவையால் அச்சகங்கள் பெருகின. பிறகு நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல், வாழ்த்து அட்டை எனச் சிவகாசி அச்சு உலகெங்கும் போயிற்று. சேவல் படத்தையும் அணில் படத்தையும் பார்த்தே மத்தாப்புப் பெட்டியைக் கேட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் படத்தை வேறொருவர் தம் பெட்டியில் அச்சடித்து விற்றால் அதைத் திருட்டு என்று சொல்ல நாம் ஒரு நொடியும் தயங்க மாட்டோம். ஆடிப்பெருக்கு நாளில் வெளியாகும் புதிய நாட்காட்டி ஆல்பத்திலிருந்து ஒரு வடிவமைப்பைப் பக்கத்து அச்சகம் எடுத்துப் போட்டுக்கொண்டால், வடிவமைத்தவர் கொதித்துப் போவார். அவர் கோபம் நியாயமானது.

ஆனால் அவர் அந்த வடிவமைப்பை எந்த மென்பொருளில் உருவாக்கினார்? பூட்டை உடைத்துப் போடப்பட்ட கோரல்டிராவிலா, போட்டோஷாப்பிலா? நம் பள்ளிவாசலில் ஒட்டப்படும் தொழுகை நேர அட்டவணையும், ரமளானில் வீடு வீடாகக் கொடுக்கப்படும் ஸஹர் இஃப்தார் அட்டையும்கூட அப்படிப்பட்ட மென்பொருளில் வடிவமைக்கப்பட்டிருக்கக்கூடும். தன் உழைப்பு களவு போனால் வலிக்கிறது. பிறர் உழைப்பைக் களவாடும்போது அது "சும்மா" ஆகிவிடுகிறது. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நாம் தொழுகையில் ஓதிக் கேட்கிறோம். மிளகாயும் பருப்பும் எண்ணெயும் விலை பேசப்படும் விருதுநகர்ச் சந்தையில் தராசைப் பற்றிய இந்த எச்சரிக்கை எளிதில் விளங்கும். மென்பொருளுக்கும் அதே தராசுதான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கண்ணால் காண முடியாத, நகல் எடுத்தாலும் குறையாத ஒன்று எப்படிச் சொத்தாகும் என்று சிலர் கேட்பதுண்டு. இது புதிய கேள்வி அன்று. பருப்பொருளாக இல்லாத பயன்பாட்டு உரிமைகளைச் சொத்து என்று சொல்லலாமா என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே பழங்காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஹனஃபி மத்ஹபின் முன்னோர் அதில் தயக்கம் காட்டினர்; ஷாஃபிஈ உள்ளிட்ட பிற மத்ஹபினர் பயன்பாட்டையும் சொத்தாகக் கருதினர்.

நம் காலத்தில் இந்தக் கேள்வியை இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி விரிவாக ஆய்ந்தது. 1988 டிசம்பரில் குவைத்தில் நடந்த ஐந்தாவது அமர்வில் அது நிறைவேற்றிய 43ஆம் தீர்மானம் இதைப் பற்றியதே. வணிகப் பெயர், வணிக முத்திரை, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் மீதான உரிமைகள் அவற்றுக்குரியவர்களின் சொத்து என்றும், அவை ஷரீஅத்தின் பாதுகாப்புப் பெற்றவை என்றும், அவற்றில் அத்துமீறக் கூடாது என்றும் அத்தீர்மானம் கூறுகிறது. பட்டாசுப் பெட்டியின் சேவல் படத்தையும் கணினியின் மென்பொருளையும் ஒரே அடிப்படையில் அது பாதுகாக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அறிஞர் தீர்ப்பை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு செய்தி எஞ்சுகிறது. மென்பொருளை நிறுவும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துகிறோம். அது ஒரு வாக்குறுதி. முஸ்லிம்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்னும் நெறி நபிமொழித் தொகுப்புகளில் பதிவான ஒன்று. படிக்காமல் அழுத்தினோம் என்பது வாக்குறுதியை இல்லாததாக்கிவிடாது.

இந்நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு உண்டு. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அது விதிக்கிறது. வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தியிருந்தால் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. வீட்டுக் கணினியைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் நடப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட தக்வா அன்று.

நாம் சொல்லும் சாக்குகள்

"அவர்கள் கோடிகோடியாகச் சம்பாதிக்கிறார்கள், நம் ஐயாயிரம் அவர்களுக்கு ஒரு பொருட்டா?" என்பது முதல் சாக்கு. உரியவர் செல்வந்தர் என்பதால் களவு ஹலாலாகும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. அப்படியொரு விதி இருந்தால் நம் கடைகளில் பாதிக்கு மேல் அன்றே கொள்ளை போயிருக்கும்.

"அந்த நிறுவனங்கள் நம் சமுதாயத்துக்கு எதிராக நிற்பவை, அவற்றைப் புறக்கணிக்கிறோம்" என்பது அண்மைக் காலத்தில் இளைஞர்கள் சொல்லும் சாக்கு. அவர்களுடைய உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பொருளை வாங்காதிருப்பது வேறு, வாங்காமல் எடுத்துக்கொள்வது வேறு. புறக்கணிப்பவர் அந்தப் பொருள் இல்லாமல் வாழ்ந்து காட்ட வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்த மக்காவாசிகள் தங்கள் அமானிதப் பொருள்களை அவர்களிடமே கொடுத்து வைத்திருந்தார்கள். அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். உயிருக்கு உலை வைத்த பகைவனின் பொருளையும் திருப்பிக் கொடுத்தவர்களின் உம்மத் நாம்.

"படிப்புக்குத் தேவை, ஏழைப் பிள்ளை என்ன செய்யும்?" என்பது மூன்றாவது. மூன்றிலும் கனமானது இதுவே. பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுவே. நிர்ப்பந்தம் என்று சொல்ல வேண்டுமானால் வேறு வழியே இல்லாதிருக்க வேண்டும். இங்கே ஹலாலான வழி இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் செலவில்லாத வழி.

திறந்தே கிடக்கும் கிணறு

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. மக்கள் அதன் நீரை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தால் அக்கிணற்றை வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள். அதன் பிறகு செல்வரும் வறியவரும் ஒரே கயிற்றில் நீர் இறைத்தார்கள்.

கணினி உலகிலும் ஏறத்தாழ அப்படியொரு கிணறு உண்டு. அதைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983இல் அறிவித்த குனு திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991இல் வெளியிட்ட லினக்ஸும் அதன் ஊற்றுக்கண்கள். யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது, நமக்குக் கிடைத்த அதே உரிமைகளோடு வழங்க வேண்டும் என்பது குனு பொது உரிமத்தின் நிபந்தனை. ஃபிக்ஹின் இலக்கணப்படி இது வக்ஃபு ஆகாது. இதை விற்பதற்கும் தடையில்லை. ஆனால் பொதுவில் விட்டதைத் தனியொருவர் வளைத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதன்று.

நம் பிள்ளைகளுக்கு இது புதியதும் அன்று. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினியில் ஹலாலான மென்பொருள் இருந்தது. நாம் செய்ததென்ன? கணினி கைக்கு வந்த வாரத்திலேயே கடைக்குக் கொண்டுபோய் அனைத்தையும் அழித்துவிட்டு, "ஃபுல் வெர்ஷன்" போட்டு வாங்கி வந்தோம். அத்திட்டம் இடையில் நின்று, கல்லூரி மாணவர்களுக்காக மீண்டும் தொடங்கப்பட்டிருக்கிறது. பழைய தவற்றை மறுபடியும் செய்யாதிருக்க இது ஒரு வாய்ப்பு.

கட்டுரை எழுத, கணக்கு அட்டவணை போட, வகுப்பில் படவில்லை காட்ட லிப்ரே ஆபீஸ் போதும். அது தமிழ் இடைமுகத்தோடும் கிடைக்கிறது. படங்களைத் திருத்தக் கிம்ப், வரைய இங்க்ஸ்கேப், கிரிதா இருக்கின்றன. கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைக்குத் தேவையான பைத்தான், ஜாவா முதலியவை இலவசமே. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் விண்டோஸிலும் தனியே பணம் கட்டாமல் கிடைக்கிறது. தமிழில் இவற்றைக் கற்றுக்கொள்ளக் கணியம் இணைய இதழ் பல ஆண்டுகளாகக் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாக வெளியிட்டு வருகிறது.

விண்டோஸும் எம்எஸ் ஆபீஸும்தான் வேண்டும் என்றாலும் வழியுண்டு. கணக்கு ஒன்றைத் தொடங்கினால் ஆபீஸின் இணையப் பதிப்பை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கல்லூரி தரும் மின்னஞ்சல் முகவரி இருந்தால் மாணவர்களுக்கான இலவசத் திட்டம் உண்டா என்று கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். கட்டடப் பொறியியல் படிப்போருக்கு ஆட்டோகேட் நிறுவனமே மாணவர் உரிமம் இலவசமாகத் தருகிறது. வணிகவியல் மாணவர்கள் பழகுவதற்கென்றே டேலியில் கல்விப் பயன்முறை இருக்கிறது. சில குறிப்பிட்ட தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்பதைத் தவிர, கற்பதற்கு அதில் குறையில்லை. உரியவரே திறந்து வைத்திருக்கும் வாசல் இருக்க, நாம் ஏன் சுவரேறிக் குதிக்க வேண்டும்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அச்சகத் தொழிலில் இருப்போருக்கு இந்த மாற்றம் இவ்வளவு எளிதன்று. வாடிக்கையாளர் கோரல்டிரா கோப்பைத்தான் அனுப்புவார். பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதிலும், ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களிலும் பல ஆண்டு வேலைகள் சேர்ந்து கிடக்கின்றன. ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் நான்கு வண்ண அச்சுக்கு ஏற்ற கோப்பைத் தரும். அதன் அண்மைப் பதிப்புகளில் தமிழ் எழுத்துகளும் சரியாக அமைகின்றன. ஆனாலும் பழைய கோப்புகளை மாற்றுவது பெருவேலை. ஆகவே அச்சகம் நடத்தும் சகோதரர்கள் மென்பொருளை மையும் தாளும் போலத் தொழிற்செலவாகக் கருதி விலை கொடுத்து வாங்குவதே முறை. அதைக் கொண்டு வருமானம் ஈட்டுபவரின் பொறுப்பு, பாடம் படிக்கும் மாணவரின் பொறுப்பைவிடப் பெரியது. அங்கே கூலிக்கு வேலை செய்யும் வடிவமைப்பாளர் தம் முதலாளியிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம். முடிவெடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

பில் போடுமுன்

கடைக்குள் நுழைந்த பிறகு எவற்றைக் கேட்க வேண்டும், எவற்றை மறுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இயங்குதளம் இல்லாத கணினி விலை குறைவு என்றால் அதில் தவறில்லை. அதை வாங்கி லினக்ஸ் நிறுவிக்கொள்வது முற்றிலும் ஹலாலான சேமிப்பு. அதை வாங்கித் திருட்டு விண்டோஸ் போடுவதுதான் தவறு. விண்டோஸ் வேண்டுமென்றால் அதனோடு வரும் மாடலையே வாங்குங்கள். பில்லில் அது குறிக்கப்பட்டிருக்கட்டும். கணினியை இயக்கி, அமைப்புகள் பகுதியில் "ஆக்டிவேஷன்" பக்கத்தைப் பாருங்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் உரிமச் சாவிகளை நம்பாதீர்கள். நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்டவற்றைச் சில்லறையாக விற்பது அவற்றில் பரவலாக நடக்கிறது.

சில மாடல்களின் விலையிலேயே ஆபீஸ் சேர்ந்திருக்கும். அதை உங்கள் பிள்ளையின் மின்னஞ்சல் கணக்கில் குறித்த காலத்துக்குள் செயல்படுத்துங்கள். கடைக்காரரின் கணக்கில் செயல்படுத்திவிட்டால், நீங்கள் விலை கொடுத்த உரிமம் வேறொருவர் பெயரில் போய்விடும்.

பூட்டுடைத்த மென்பொருளை நிறுவும்போது முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். வீட்டுக்குள் வரும் விருந்தினர் காவலாளியை வெளியே அனுப்பச் சொன்னால் நாம் சம்மதிப்போமா? பிடிபடக் கூடாது என்பதற்காகப் பாதுகாப்பு மேம்படுத்தல்களையும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நிரல் உலகெங்கும் பரவியபோது, அதைத் தடுக்கும் மேம்படுத்தல் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. மேம்படுத்தாதவர்களே சிக்கினார்கள். பிள்ளையின் ஒளிப்படங்களும் தந்தையின் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினி இது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதால், பழைய கணினி வைத்திருப்போரும் இதைக் கருத வேண்டும். இயன்றால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். கணினி அதை ஏற்காவிட்டால் லினக்ஸ் அதற்குப் புத்துயிர் தரும்.

தனியே விலை வைத்துத் தரப்படும் வைரஸ் தடுப்பு மென்பொருள் மாணவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. விண்டோஸிலேயே ஒன்று உள்ளமைந்திருக்கிறது. அதை இயங்க விட்டாலே போதும். பை, எலி, திரைக் காப்பு, குளிர்விப்பான் என்று அடுக்கப்படும் பொருள்களில் தேவையானதை மட்டும் எடுங்கள். அந்தப் பணத்தை எஸ்எஸ்டி சேமிப்பகத்திலும், 8 ஜிபிக்குக் குறையாத நினைவகத்திலும் போட்டால் கணினி நான்காண்டுப் படிப்புக்கும் தாக்குப்பிடிக்கும். பாடக் குறிப்புகளை நகலெடுத்து வைக்க வெளிச் சேமிப்பகம் ஒன்று வாங்குவது வீண்செலவன்று.

கூடுதல் உத்தரவாதத்தைத் தனிக் கட்டணத்துக்கு வாங்கச் சொல்வார்கள். விலையோடு சேர்ந்து வரும் உத்தரவாதத்தில் சிக்கலில்லை. தனிப்பணம் பெற்று, பழுது வந்தால் பயன், வராவிட்டால் பணம் போயிற்று என்ற அமைப்பு காப்பீட்டைப் போன்றது என்பதால், அதிலுள்ள நிச்சயமின்மையை முன்னிட்டு அறிஞர்கள் பலர் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

கடைசியாக, "வட்டியில்லாத் தவணை". இதில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் வங்கி வட்டி போடவே செய்கிறது. அந்த அளவுத் தொகையை விற்பனையாளர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். அந்த வட்டியின் மேல் ஜிஎஸ்டியும் தனியே பிடிக்கப்படுவதுண்டு. சுழியம் விழுக்காடு வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் கூறியது. கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் வட்டி என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் விலகிவிடுங்கள்.

ஜமாஅத் செய்யக்கூடியது

இவ்வளவையும் ஒரு தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் குடும்பம் தனியே செய்ய முடியாது. இங்கேதான் ஜமாஅத்தின் பொறுப்பு வருகிறது. பைத்துல்மால் உள்ள ஊர்களில் மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் உதவுகிறோம். கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்க அழகிய கடன் கொடுக்கும் ஏற்பாட்டையும் அதனோடு சேர்க்கலாம். மாதம் ஆயிரமாகத் திருப்பிக் கட்டினாலும் சில ஆண்டுகளில் கடன் தீரும். அந்தத் தொகை அடுத்த பிள்ளைக்குப் போகும்.

நம் ஊர்களில் பொறியியல் படித்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸா மண்டபத்தில் அவர்கள் அமர்ந்து, வருகிற பிள்ளைகளின் கணினிகளில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் நிறுவித் தரலாம். பெண் பிள்ளைகளுக்குப் படித்த சகோதரிகளே அதைச் செய்யலாம். எந்தச் சமயத்துப் பிள்ளை வந்தாலும் நிறுவிக் கொடுக்கலாம். கிணற்று நீருக்குச் சமயம் ஏது?

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். "எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லித் திருட்டு நகலை ஏற்றித் தருவது அந்த ஈரத்தை அடியில் மறைப்பதுதான். வாங்குபவர் கேட்டாலும், "அதை நான் போட்டுத் தருவதில்லை பாய், இதோ இலவசமாகவே நல்லது இருக்கிறது" என்று சொல்லும் கடைக்கு அல்லாஹ் பரக்கத்தைக் குறைக்க மாட்டான்.

நான் அன்று அந்த ஐந்நூறு ரூபாயைக் கொடுக்கவில்லை. இயங்குதளம் இல்லாத அந்தக் கணினியையே வாங்கி வந்தோம். உறவுக்காரப் பையன் ஒருவன் இஷாவுக்குப் பிறகு வந்து உபுண்டு நிறுவிக் கொடுத்தான். முதல் வாரம் மகள் திணறினாள். தோழியர் கணினிகளில் இருப்பது தன்னிடம் இல்லை என்று முகம் வாடினாள். இரண்டாம் மாதம் தன் செய்முறை அறிக்கையை அதிலேயே எழுதி முடித்தாள். என் வீட்டுப் பழைய கணினியையும் சுத்தம் செய்யச் சொன்னதும் அவள்தான். பத்தாண்டுக் காலம் எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

புதிய கணினியைத் திறந்து பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் நம் பிள்ளைகள் படிப்பைத் தொடங்குகிறார்கள். அந்தப் பிஸ்மில்லாஹ்வுக்குத் தகுதியானதாக அந்தக் கணினி இருக்கட்டும். நம் பொருளிலும் கல்வியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.